மாட்டைத் துரத்தினால் புல்வெளி திரும்புமா? (நியூ மெக்சிகோ, கிரே பண்ணை)

கேள்வி | பிப்ரவரி 9

அமெரிக்கத் தென்மேற்கின் பாலைவனப் புல்வெளிகளைக் கெடுத்தது மாடு. இதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. ஆனால் அதே மாட்டுக்காரர்களிடம் லட்சக்கணக்கான ஏக்கரை விட்டுவைத்து, வனவிலங்கையும் கௌபாய் பாரம்பரியத்தையும் சேர்த்தே காப்பாற்றுகிறோம் என்று ஒரு கூட்டம் பெருமை பேசிக்கொண்டிருக்கிறது. மாட்டை வெளியேற்றி வேலி போடுங்கள், மீதியை மழை பார்த்துக்கொள்ளும். மறுக்க யாரிடமாவது விஷயம் இருக்கிறதா?

பிப்ரவரி 9, இரவு

பாதியை மறுக்கலாம். பாதியை ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும்.

நான் இருப்பது அரிசோனா மாநிலத்தின் டூசானில். நீங்கள் சொல்லும் கூட்டம், அதாவது மால்பை பார்டர்லேண்ட்ஸ் குரூப் என்ற பண்ணைக்காரர் அமைப்பு, இங்கிருந்து கிழக்கே சில மணி நேரக் கார்ப் பயணத்தில், அரிசோனாவும் நியூ மெக்சிகோவும் மெக்சிகோவும் முட்டிக்கொள்ளும் மூலையில் இருக்கிறது. அந்த மூலையின் நடு நாயகம் கிரே பண்ணை. பழைய சூட்டுக்குறியை வைத்து டயமண்ட் ஏ என்றும் சொல்வார்கள். சுமார் 3,21,000 ஏக்கர், ஒரே வேலிக்குள். சென்னை மாநகராட்சியை மூன்று முறை உள்ளே வைத்துவிடலாம். நடுவில் அனிமாஸ் மலைத்தொடர், இருபுறமும் புல் சமவெளி. ஆண்டு மழை பன்னிரண்டு முதல் பதினாறு அங்குலம், அதில் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பருக்குள் இடியோடு கொட்டித் தீர்ந்துவிடும்.

1990இல் நேச்சர் கன்சர்வன்சி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு இந்தப் பண்ணையை மொத்தமாக வாங்கியது. அரசு அதை வனவிலங்குப் புகலிடமாக எடுத்துக்கொள்ளும் என்று ஒரு யோசனை ஓடியது. சுற்றுவட்டார மாட்டுக்காரர்கள் கொதித்தார்கள். கடைசியில் 1994இல் அனிமாஸ் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளைக்குக் கைமாறியது. நிலத்தை ஒருநாளும் துண்டு போட முடியாது என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கிறது. மாடு அங்கே இன்றும் மேய்கிறது.

‘அப்படியானால் மாட்டுக்காரன் ஜெயித்தான்’ என்பீர்கள். அவசரப்படாதீர்கள், அடுத்த குறிப்பில் உங்கள் பக்கம்தான் பேசப்போகிறேன்.

பிப்ரவரி 10

சரி, மாடு செய்த சேதம்.

1880இல் சதர்ன் பசிபிக் ரயில் பாதை நியூ மெக்சிகோவின் லார்ட்ஸ்பர்க் ஊர் வழியாகப் போனது. 1886இல் பெலோன்சியோ மலையின் ஸ்கெலிட்டன் கேன்யனில் அப்பாச்சிப் பழங்குடித் தலைவர் ஜெரோனிமோ சரணடைந்தார். இந்த இரண்டும் நடந்த பத்தாண்டில் டெக்சாஸ் மாடும் கிழக்கத்திய, கலிபோர்னியப் பணமும் மந்தை மந்தையாக உள்ளே வந்தன. பெரிய பத்திரிகைக் குடும்பத்தின் மூதாதையான ஜார்ஜ் ஹெர்ஸ்ட் இங்கே மாட்டுக் கம்பெனிப் பங்காளி. புல் யாருக்கும் சொந்தமில்லை, முதலில் தின்ன வைத்தவனுக்கே லாபம். அப்புறம் 1891 முதல் 1893 வரை மழை பொய்த்தது. தெற்கு அரிசோனா மந்தைகளில் பாதிக்கு மேல் செத்ததாகக் கணக்கு. நீர்நிலைக்கு நீர்நிலை பிணம்.

அந்த மூன்று வருடத்தில் இழந்த மண் இன்றுவரை திரும்பவில்லை. ஓடைகள் அறுத்துக்கொண்டு ஆழமாக இறங்கியது அந்தக் காலத்தில்தான். இதோடு ஓநாயை அரசுச் சம்பளத்தில் வேட்டைக்காரர்கள் ஒழித்தார்கள், புல்வெளி நாய்களை (நாய் இல்லை, வளை தோண்டி வாழும் அணில் வகை) விஷம் வைத்துக் கொன்றார்கள். இதெல்லாம் மாட்டுக்காரருக்காகவே.

பாரம்பரியம் என்று சொல்லும்போது எனக்கும் நாக்கு கொஞ்சம் தயங்குகிறது. 140 வருடப் பாரம்பரியம். அதற்கு முன் அங்கே இருந்த அப்பாச்சிகளை ரயிலேற்றி ஃபுளோரிடாவுக்கு அனுப்பிவிட்டுத்தான் அது ஆரம்பித்தது.

ஆக, குற்றப்பத்திரிகையில் உங்களோடு ஒத்துப்போகிறேன். தீர்ப்பில்தான் வேறுபாடு.

பிப்ரவரி 12

‘புல் போன இடத்தில் என்ன வந்தது’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மெஸ்கீட்.

நம்மூர்க்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சீமைக் கருவேலத்தின் பங்காளி, ஒரே புரோசோபிஸ் பேரினம். என் அம்மா ஊர் ராமநாதபுரம் பக்கம். அங்கே கரிமூட்டம் போடாத தெருவே கிடையாது. டூசான் வந்த புதிதில் சூப்பர் மார்க்கெட்டில் ‘மெஸ்கீட் கரி’ என்று அழகான பையில் அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. விலையைப் பார்த்ததும் நின்றுவிட்டது. பெரும்பாலும் எல்லைக்கு அந்தப் பக்கம் சொனோராவில் சுட்டு வருவது.

இங்கே மெஸ்கீட் வந்தேறி இல்லை, சொந்த மண்ணின் மரம். முன்பு ஓடைக்கரையிலும் சரிவிலும் ஒதுங்கியிருந்தது. மாடு அதன் நெற்றைத் தின்று, விதையைச் சாணத்தோடு சமவெளி முழுக்கப் போட்டது. போட்டிக்குப் புல்லும் இல்லை. எரித்துக் கட்டுப்படுத்த நெருப்பும் இல்லை, ஏனென்றால் நெருப்பு ஓடத் தேவையான காய்ந்த புல்லை மாடு தின்றுவிட்டது. மெஸ்கீட் கன்று சின்னதாக இருக்கும்போது நெருப்பு பட்டால் அடங்கும். ஒரு அளவு தாண்டிவிட்டால் மேலே கருகினாலும் வேரிலிருந்து தழைத்துவிடும். வெட்டிப் பார்த்த ஒவ்வொரு ராமநாதபுரத்தானுக்கும் இது தெரியும்.

1890களின் தொடக்கத்தில் எல்லைக் கற்களை நட்டபோது ஒவ்வொன்றையும் புகைப்படம் எடுத்தார்கள். நூறு வருடம் கழித்து அதே இடங்களில் நின்று மறுபடி எடுத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், பல இடங்களில் புல்லுக்குப் பதில் புதர். இந்த ஒப்பீட்டு வேலையில் பெயர் பெற்ற ரே டர்னர் என்ற தாவரவியலாளர் பின்னால் இந்தப் பண்ணைக்காரர்களுக்கே ஆலோசகரானார்.

பிப்ரவரி 15

இப்போது உங்கள் ‘வேலி போட்டால் போதும்’.

கிரே பண்ணைக்கு மேற்கே, சிரிக்காவா மலையடிவாரத்தில் போர்ட்டல் என்ற சிற்றூர். அங்கே 1977இல் ஜேம்ஸ் பிரவுன் என்ற உயிரியலாளர் ஒரு நிலத்தை வேலி போட்டு மாட்டை வெளியேற்றினார். அவர் நோக்கம் வேறு, எறும்பும் எலியும் விதைக்காகப் போட்டியிடுவதைப் பார்க்க வேண்டும். ஆனால் கிடைத்த முடிவு நமக்கு வேண்டியது. மாடே இல்லாத அந்த வேலிக்குள், 1990களின் நடுப்பகுதிக்குள் புதர்கள் மூன்று மடங்காகப் பெருகின. காரணம், அந்த ஆண்டுகளில் குளிர்கால மழை கூடிப்போனது. புல் கோடை மழையில் வளர்வது, புதர் குளிர்கால ஈரத்தைக் குடிப்பது. மாடு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, மழை மாறினால் ஆட்டம் மாறும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே இடத்தில் சில பாத்திகளிலிருந்து கங்காரு எலியை மட்டும் அகற்றினார்கள். இரண்டு காலில் குதித்து ஓடும் சின்னப் பிராணி. 12 வருடத்தில் அந்தப் பாத்திகளில் புல் ஏறிவிட்டது, வெளியே இருந்தவை புதர்க்காடாகவே நின்றன. 1990இல் வெளியானபோது பேசப்பட்ட ஆய்வு. ஆக நிலத்தில் என்ன முளைக்கும் என்று முடிவு செய்வதில் உள்ளங்கையளவு எலிக்கும் ஓட்டு உண்டு.

‘எலியை ஒழித்தால் போதும்’ என்று யாராவது அடுத்து வராமல் இருந்தால் சரி.

பிப்ரவரி 16

நேற்று எழுதியதை வைத்து ‘மாட்டை எடுப்பதால் பயனே இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். போர்ட்டல் பக்கமே பழைய வேலி ஒன்றை 2002இல் ஒப்பிட்டிருக்கிறார்கள். 20 வருடம் மாடு இல்லாத இடத்தில் வித்தியாசம் இல்லை. 39 வருடம் மாடு இல்லாத இடத்தில் பல்லாண்டுப் புல் கணிசமாகக் கூடியிருந்தது. அதாவது புல் திரும்பக்கூடும், ஆனால் ஒரு மனிதனின் வேலைக்காலம் முழுக்கக் காத்திருக்க வேண்டும். அந்த நாற்பது வருடமும் நிலம் நிலமாகவே இருக்க வேண்டும். வீடு முளைக்கக் கூடாது. என் மொத்த வாதமும் இந்தக் கடைசி வரியில்தான் தொங்குகிறது, அதற்கு வருகிறேன்.

பிப்ரவரி 20

முதலில் நெருப்பு.

டூசானில் அரிசோனா பல்கலைக்கழகத்தின் மரவளைய ஆய்வகம் இருக்கிறது, 1937இல் தொடங்கியது. பைன் மரத்தின் குறுக்குவெட்டில் ஒவ்வொரு தீயும் ஒரு கருந்தழும்பை விட்டிருக்கும். வளையத்தை எண்ணினால் வருடம் கிடைத்துவிடும். அனிமாஸ் மலை உட்பட இந்த வட்டார மலைகளில் அப்படி எண்ணிப் பார்த்தார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தீ, நூற்றாண்டுக்கணக்கில். 1880களுக்குப் பிறகு சட்டென்று தழும்புகள் அருகிவிடுகின்றன. எல்லைக்குத் தெற்கே சொனோராவின் சில மலைகளில் மட்டும் இருபதாம் நூற்றாண்டிலும் எரிந்துகொண்டிருந்தது. மழை ஒன்று, மலை ஒன்று, மந்தையும் தீயணைப்பும்தான் வேறு.

1991 ஜூலையில் ஜெரோனிமோ டிரெயில் சாலையோரம் ஒரு தீ பிடித்தது. பண்ணைக்காரர்கள் ‘எரியட்டும், விடுங்கள், எங்களுக்கு நல்லது’ என்றார்கள். வனத்துறை கேட்கவில்லை. வண்டிகளையும் ஆட்களையும் இறக்கி அணைத்தது. அந்த எரிச்சல்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். பில் மெக்டொனால்ட், வார்னர் கிளென் என்ற பண்ணைக்காரர்கள், டிரம்மண்ட் ஹாட்லி, விஞ்ஞானிகள் சிலர், சுற்றுச்சூழல்காரர்கள் சிலர், அதோடு மத்திய அமெரிக்க அகதிகளை ஒளித்துவைத்து வழக்கு வாங்கிய ஜிம் கார்பெட் என்ற குவேக்கர் (ஒரு கிறிஸ்தவச் சபைக்காரர்), எல்லோரும் கிளென்களின் மால்பை பண்ணை வீட்டில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். 1994இல் அது மால்பை பார்டர்லேண்ட்ஸ் குரூப் ஆனது. சுமார் 8 லட்சம் ஏக்கர் வட்டாரம், அதில் பாதிக்கு மேல் தனியார் நிலம்.

அவர்கள் கேட்டது மானியம் இல்லை, தீ. எரிக்க அனுமதி கொடு என்பதுதான் முதல் கோரிக்கை.

பிப்ரவரி 20, சற்று பிறகு

அனுமதி வாங்கியது தனிக் கூத்து. மேடுமூக்குக் கிலுகிலுப்பைப் பாம்பு ஒன்று அந்த மலைகளில் இருக்கிறது. உலகத்திலேயே அனிமாஸ், பெலோன்சியோ, சான் லூயிஸ் ஆகிய மூன்று மலைத்தொடர்களில் மட்டும் வாழும் உட்சிற்றினம், 1978 முதல் சட்டப் பாதுகாப்பில். எரித்தால் அது செத்துவிடுமே என்று ஒரு துறைக்குக் கவலை. கற்றாழை கருகினால் அதன் பூவைக் குடிக்கும் நீளமூக்கு வௌவால் பட்டினி கிடக்குமே என்று இன்னொரு கவலை. பாம்பின் உடலுக்குள் ரேடியோ கருவி வைத்துத் தீயின்போது அது எங்கே போகிறது என்று பார்த்தார்கள். பெரும்பாலான பாம்புகள் பாறை இடுக்கில் புகுந்து தப்பின. பாம்பைப் படைத்தவனுக்கு முன்பே தெரிந்த விஷயம், கோப்பில் ஏறத்தான் வருடங்கள் ஆயின.

1995இல் பேக்கர் கேன்யனில் முதல் திட்டமிட்ட தீ. 1997இல் இன்னொன்று. 2003இல் சுமார் 46,000 ஏக்கர் ஒரே தடவையில்.

கேலி செய்தாலும் அந்தக் கவலைகள் வீண் என்று நான் நினைக்கவில்லை. நூறு வருடம் தீயே படாத சரிவில் குப்பையும் புதரும் சேர்ந்திருக்கும். அங்கே இப்போது பிடிக்கும் தீ, அப்பாச்சிகள் காலத்துத் தீ இல்லை. சூடு கூடுதல். பாம்பின் பெயரால் நடந்த இழுபறி சிலருக்கு எரிச்சல் மூட்டியது, ஆனால் எந்த மாதத்தில், எந்தக் காற்றில் பற்றவைப்பது என்று யோசிக்கவும் வைத்தது.

பிப்ரவரி 26

இனி நிலம் நிலமாக இருப்பது பற்றி.

அரிசோனாவின் எல்லையோர ஊரான டக்ளஸுக்கு வடக்கே சல்ஃபர் ஸ்பிரிங்ஸ் பள்ளத்தாக்கு வழியாக ஓட்டிப் பாருங்கள். பழைய பண்ணைகள் துண்டாகிக் கிடக்கும். அரிசோனாவில் 36 ஏக்கருக்குக் குறையாமல் பிரித்தால் மனைப்பிரிவுச் சட்டம் எட்டிப் பார்க்காது. அதனால் 36, 40 என்று வெட்டி விற்பார்கள். ‘சொந்தப் பண்ணை, மலைக் காட்சி’ என்று பலகை. என்னோடு வேலை செய்த ஒருவர் அப்படி 40 ஏக்கர் வாங்கினார். தண்ணீர் இல்லை, மின்சாரக் கம்பம் வருவதற்கான செலவு நிலத்தின் விலையைத் தாண்டியது. ஒரு டிரெய்லரை நிறுத்தி, இரண்டு குதிரையைக் கட்டி, ஒரே கோடையில் சுற்றியிருந்த புல்லையெல்லாம் மண்ணாக்கிவிட்டு, விற்றுவிட்டுப் போய்விட்டார். நல்ல மனிதர். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அந்தப் பக்கம் அவரைப் போல எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். அதோடு ஒவ்வொருவருக்கும் ஒரு வேலி, ஒரு நாய், ஒரு பாதை. மான் மாதிரித் தெரியும் பிராங்ஹார்ன் என்ற விலங்கு வேலியைத் தாண்டிக் குதிக்காது, கீழே புகுந்துதான் போகும். கீழ்க்கம்பி தாழ்வாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும். பக்கத்தில் வீடு வந்தபின் புல்லுக்குத் தீ வைக்கவும் ஒருவரும் துணியமாட்டார்கள்.

இந்த வறண்ட நாட்டில் ஒரு பசுவும் கன்றும் வருடம் முழுக்க மேய ஏறக்குறைய 50 ஏக்கர் வேண்டும். சில இடங்களில் இன்னும் அதிகம். அப்படியானால் ஒரு குடும்பம் பிழைக்க எத்தனை ஆயிரம் ஏக்கர் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். மாட்டுத் தொழில் படுத்தால் அந்த ஆயிரங்கள் நாற்பது நாற்பதாக விலை போகும். மாட்டை வெளியேற்றச் சொல்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அடுத்த நாள் காலையில் அந்த நிலத்தை வாங்க யார் வருவார்?

பிப்ரவரி 27

கிரே பண்ணையை வைத்துப் பேசப்படும் ‘கிராஸ் பேங்க்’ (புல் வங்கி) என்றால் என்ன என்று மூன்று பேர் கேட்டாயிற்று.

வறட்சி வருகிறது. என் பண்ணையில் புல் இல்லை. மந்தையைப் பாதி விலைக்கு விற்கவேண்டும், அல்லது இருக்கும் புல்லையும் வேரோடு தின்னவிட வேண்டும். மூன்றாவது வழியாக, என் மாடுகளைக் கிரே பண்ணைக்கு அனுப்புகிறேன். அங்கே நிலம் பரந்தது, புல் மிச்சம் இருக்கும். மேய்ச்சல் கூலியைப் பணமாகக் கொடுக்கவேண்டாம். அதற்குச் சமமான மதிப்புக்கு என் நிலத்தின் மேல் ஒரு பத்திரம் எழுதிக் கொடுக்கிறேன்: இதை மனை போட மாட்டேன், என் வாரிசும் போடக்கூடாது, என்னிடமிருந்து வாங்குபவரும் போடக்கூடாது. நிலம் என் பெயரில்தான், உழைப்பும் லாபமும் நஷ்டமும் என்னுடையவை. துண்டு போடும் உரிமையை மட்டும் புல்லுக்கு விற்றுவிட்டேன்.

என் மாடு இல்லாத அந்த ஒன்றிரண்டு வருடங்களில் என் நிலம் ஓய்வெடுக்கிறது, புல் காய்ந்து நிற்கிறது, தீ வைக்க எரிபொருள் கிடைக்கிறது. ஒரே வியாபாரத்தில் மூன்று காரியம்.

இப்படியும் ரொக்கம் கொடுத்தும் மால்பைக்காரர்கள் 75,000 ஏக்கருக்கு மேல் பத்திரம் சேர்த்திருக்கிறார்கள். கிரே பண்ணையின் மூன்று லட்சம் இதில் சேராது.

இதை உபகாரம் என்று எழுதுபவர்களைப் படித்தால் எனக்கு அலுப்பாக இருக்கும். சுத்தமான பண்டமாற்று. அதனால்தான் மாட்டுக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

மார்ச் 2

பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பீரிலிருந்து. டிரம்மண்ட் ஹாட்லி பட்வைசர் காய்ச்சும் ஆன்ஹைசர்-புஷ் குடும்பத்து வாரிசு. கவிஞர், பல வருடம் அந்த எல்லையோரத்தில் கௌபாயாகவே வேலை செய்தவர். அனிமாஸ் ஃபவுண்டேஷன் அவர் குடும்பத்துடையது. அவர் 2015இல் இறந்தார். ஆக ‘உள்ளூர் மக்களே காப்பாற்றினார்கள்’ என்ற கதைக்குள் ஒரு பெரிய செக் புத்தகமும் இருக்கிறது. அது இல்லாத பள்ளத்தாக்கில் இந்த மாதிரியை அப்படியே நட முடியாது. நியூ மெக்சிகோவிலேயே வேறு இடத்தில் கிராஸ் பேங்க் முயன்று பார்த்தார்கள், நிலைக்கவில்லை.

பத்திரத்திலும் ஒரு சன்னல் திறந்திருக்கிறது. இந்தப் பண்ணைகள் பலவற்றுக்குச் சொந்த நிலம் கொஞ்சம், அரசிடம் வாங்கிய மேய்ச்சல் குத்தகை நிறைய. பண்ணைக்காரர் தவறில்லாமல் அரசு அந்தக் குத்தகையைப் பறித்தால் அவர் பத்திரத்திலிருந்து வெளியேறலாம் என்று மால்பைப் பத்திரங்களில் ஷரத்து உண்டு. எனக்கு முதலில் இது ஏமாற்று வேலையாகத் தெரிந்தது. நிரந்தரம் என்று சொல்லிவிட்டு வாசலைத் திறந்து வைப்பானேன்? இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. குத்தகை போனால் சொந்த நிலத்தை வைத்து மட்டும் அவரால் பிழைக்க முடியாது. அந்த ஷரத்து இல்லாமல் ஒருவர்கூடக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். ஆனாலும் சன்னல் சன்னல்தான். இதில் எனக்கு இன்னும் இரண்டு மனசு.

மார்ச் 3

‘பொது நிலமாக்கியிருந்தால் நாமெல்லாம் போய்ப் பார்க்கலாமே’ என்பவருக்கு: நியாயமான ஆசை. கிரே பண்ணைக்குள் நீங்களும் நானும் நினைத்தபோது நுழைய முடியாது. நான் பார்த்ததெல்லாம் சாலையிலிருந்து.

பொது நில மாதிரி வேண்டுமென்றால் சொனோய்டா பக்கம் எம்பயர் பண்ணைக்குப் போங்கள். டூசானிலிருந்து ஒரு மணி நேரம். 1876இல் வால்டர் வெய்ல் வாங்கிய பண்ணை. 1969இல் மனை போடும் கம்பெனியிடம் போனது, அப்புறம் தண்ணீருக்காகச் சுரங்கக் கம்பெனியிடம். 1988இல் நில மாற்று மூலம் அரசிடம் வந்து, 2000இல் லாஸ் சியெனகாஸ் என்ற பெயரில் சுமார் 42,000 ஏக்கர் பாதுகாப்புப் பகுதியானது. அங்கேயும் மாடு மேய்கிறது! புல்லை அளந்து பார்த்து எத்தனை மாடு என்று அவ்வப்போது கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். பழைய மண்வீடு பழுது பார்க்கப்பட்டு நிற்கிறது, யாரும் உள்ளே போகலாம். என் பிள்ளைகள் முதல் பிராங்ஹார்னைப் பார்த்தது அங்கேதான். பெரியவன் ‘ஆடு’ என்றான். சின்னவள் ‘மான்’ என்று சண்டை போட்டாள். உயிரியல்படி இரண்டும் இல்லை, அது தனிக் குடும்பம், நெருங்கிய உறவு ஒட்டகச்சிவிங்கி என்று சொன்னதும் இருவருமே என்னை நம்பவில்லை.

மார்ச் 7

இன்றைய தேதிக்குப் பொருத்தமாக ஒன்று. 1996 மார்ச் 7. வார்னர் கிளென் மலைச்சிங்க (பூமா) வேட்டைக்கு வழிகாட்டுவது தொழில். கோவேறு கழுதை மேல், நாய்களோடு பெலோன்சியோ மலையில் போய்க்கொண்டிருந்தார். நாய்கள் எதையோ பாறை மேல் மடக்கிவிட்டன. சிங்கம் என்று நினைத்துப் போனால், ஜாகுவார். அமெரிக்காவில் உயிருள்ள காட்டு ஜாகுவாரை அப்படிக் கண்ணெதிரே படமெடுத்தது அதுவே முதல்முறை. படம் எடுத்தார், நாய்களை இழுத்துக்கொண்டார், அது தெற்கே போய்விட்டது.

படத்தை வெளியிடுவதா என்பதுதான் உண்மையான சோதனை. மேற்கு மாநிலப் பண்ணைகளில் ஒரு வழக்குச் சொல் உண்டு: சுடு, புதை, வாயை மூடு. அரிய விலங்கு உன் நிலத்தில் இருப்பது வெளியே தெரிந்தால் அரசு உள்ளே வந்துவிடும் என்ற பயம். கிளென் தன் கூட்டாளிகளோடு பேசிவிட்டு வெளியிட்டார். அதோடு மாட்டுக்கன்றை ஜாகுவார் அடித்தால் இழப்பீடு கொடுக்க ஒரு நிதியும் வைத்தார்கள். 2006 பிப்ரவரியில் அதே மனிதர் அனிமாஸ் மலையில் இன்னொரு ஜாகுவாரைப் பார்த்தார். அதையும் படமெடுத்தார். எனக்குக் காட்டுப்பூனைகூடக் கண்ணில் படுவதில்லை.

ஜாகுவாரோடு அவர்களுக்குச் சமாதானம் எளிது, எப்போதோ ஒன்று வரும். ஓநாய் என்றால் அதே வீட்டில் பேச்சு வேறு மாதிரி. 1998இல் வடக்கே மெக்சிகன் ஓநாய்களைத் திரும்ப விட்டார்கள். அந்தப் பெயரைச் சொன்னால் அனிமாஸ் பக்கம் காபி ஆறிவிடும்.

மார்ச் 8

தவளையை விட்டுவிட்டேன். சிரிக்காவா சிறுத்தைத் தவளை, இயற்கை ஊற்றுகள் போனபின் இந்த வட்டாரத்தில் மாட்டுக்கு வெட்டிய குட்டைகளில் ஒண்டிக்கொண்டது. 1990களின் வறட்சியில் குட்டை வற்ற ஆரம்பித்தது. ஒரு பண்ணைக் குடும்பம் வாரம் சுமார் 1,000 கேலன் தண்ணீரை வண்டியில் கொண்டுவந்து ஊற்றித் தவளையைக் காப்பாற்றியது. அப்போது அந்தத் தவளை பாதுகாப்புப் பட்டியலில்கூட இல்லை. 2002இல்தான் ஏறியது.

கேள்வி கேட்டவரே, மாட்டை எடுத்தால் குட்டைக்கு யார் தண்ணீர் விடுவது? இதை மடக்குவதற்காகக் கேட்கவில்லை. ஊற்றை வற்ற வைத்ததில் மாட்டுக்கும் பங்கு இருக்கிறது என்று நீங்கள் பதில் சொல்வீர்கள், அதுவும் உண்மைதான்.

மார்ச் 15

எல்லைச் சுவர் பற்றி. 2020இல் குவாடலூப் கேன்யனில் மலையை வெடி வைத்துத் தகர்த்தார்கள், சுவருக்காக. ஜாகுவார் வந்து போன வாசல்களில் ஒன்று அது. முப்பது வருடம் பத்திரம் பத்திரமாகச் சேர்த்த தொடர்ச்சியை மாதக் கணக்கில் அறுத்துவிடலாம் என்பதைப் பார்த்தாயிற்று.

தெற்கே மெக்சிகோவின் சிவாவா மாநிலத்தில் ஹானோஸ் சமவெளி. 2009இல் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது, பெரிய புல்வெளி நாய்க் குடியிருப்புகள் இருக்கும் இடம். அங்கே ஒரு காட்டெருமை மந்தை எல்லையைத் தாண்டித் தாண்டி மேய்ந்துகொண்டிருந்தது. மெக்சிகோவில் நிற்கும்போது அது பாதுகாக்கப்பட்ட வனவிலங்கு. கம்பியைத் தாண்டி நியூ மெக்சிகோவுக்குள் கால் வைத்தால் சட்டப்படி கால்நடை. மாடா வனவிலங்கா என்று ஒரு மாதமாக நாம் இங்கே அடித்துக்கொள்வதை அந்த மந்தை ஒரே நாளில் இரண்டு தடவை தீர்த்துவைத்திருக்கும்.

மார்ச் 16

போவதற்கு வழி கேட்டவர்களுக்கு. டக்ளஸிலிருந்து ஜெரோனிமோ டிரெயில், மண்சாலை, பெலோன்சியோவைத் தாண்டி கிளவர்டேல் வழியாக அனிமாஸில் ஏறும். பெட்ரோல் டக்ளஸிலேயே நிரப்புங்கள், வழியில் கிடையாது. போனும் எடுக்காது. ஜூலை மதியம் மேகம் கறுத்தால் ஓடைக்குள் வண்டியை இறக்காதீர்கள். எல்லைக் காவல் வண்டி நிறுத்தும், நம் முகத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் நிறுத்தும், கையில் அடையாள அட்டை இருக்கட்டும். இருபுறமும் இருப்பது தனியார் நிலம், கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள். வெள்ளை விலா முயல் அமெரிக்காவில் இந்த ஒரு மாவட்டத்தில்தான் உண்டு, இரவில் ஜோடியாக மேயும், அதனால் இருட்டில் மெதுவாக ஓட்டுங்கள்.